புதுக் காரும் ஒரு பெட்டி வடையும்

இது நடந்து இரண்டு வருடம் இருக்கும். மெல்பேர்ணில் அப்போது குளிர்காலம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கிரெய்கிபர்னில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து நகரத்துப் பக்கம் ஒரு பிறந்தநாள் வீட்டுக்குப் புறப்பட்டோம். காரை ஓடியது என் மகள். அவள் அப்போதுதான் கார் ஓடப் பழகிக்கொண்டிருந்தாள். முன்னாலும் பின்னாலும் மஞ்சள் நிற எல் பிளேட் ஒட்டியிருந்தது. பக்கத்தில் நான். பின்னால் மனைவி, மடியில் ஒரு பெரிய சட்டி நிறைய ரோல்ஸ்.

நெடுஞ்சாலையில் நடுப் பாதையில் போய்க்கொண்டிருந்தோம். மகள் நன்றாகத்தான் ஓடினாள். ஒரு ஏற்றம் வந்தது. திடீரென்று காரின் வேகம் விழத் தொடங்கியது. அவள் காலை அழுத்துகிறாள், இஞ்சின் சத்தம் மட்டும் வருகிறது, கார் போகமாட்டேன் என்கிறது. வேகம் காட்டும் முள்ளுக்குப் பக்கத்தில் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது. பின்னால் ஒரு பெரிய ட்ரக். அது அடித்த ஹோர்ன் என் முதுகுக்குள்ளால் போனது.

பிள்ளைகளே, உண்மையைச் சொல்கிறேன், நான் ஒன்றுமே செய்யவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, என் பக்கத்தில் இல்லாத பிரேக்கைக் காலால் மிதித்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். மனைவி முருகனைக் கூப்பிட்டாள். மகள்தான் அவசர விளக்கைப் போட்டு, கண்ணாடியைப் பார்த்து, தோளுக்கு மேலால் திரும்பிப் பார்த்து, இடது பாதைக்கு மாறி, அங்கிருந்து வீதியின் கரைக்குக் கொண்டுவந்து நிறுத்தினாள். ட்ரக் எங்களைத் தாண்டிப் போனபோது கார் முழுவதும் ஆடியது. சட்டி கவிழ்ந்து ரோல்ஸ் எல்லாம் காலடியில் உருண்டன.

அவளுடைய கை இரண்டும் ஸ்டியரிங்கில் ஒட்டிக்கொண்டு வர மறுத்தன.

“அப்பா, நான் ஒண்டும் செய்யேல்லை. நான் ஒண்டும் செய்யேல்லை.”

“ஓம் பிள்ளை, நீ ஒண்டும் செய்யேல்லை” என்றேன்.

பிறகு நான் மாறி இருந்து, இஞ்சினை நிறுத்தித் திரும்ப ஸ்டார்ட் பண்ணினேன். மஞ்சள் விளக்கைக் காணோம். கார் ஒன்றுமே நடக்காத மாதிரி, நல்ல பிள்ளைபோல ஓடியது.

அந்தக் காரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து நான் ஓடியதெல்லாம் பழைய கார்கள். பழுது வந்தால், எங்கள் ஊர்க்காரன் ஒருவன் தன் வீட்டுக் கராஜில் வைத்துத் திருத்தித் தருவான். அங்கே போகும்போது மனைவி ஒரு பெட்டியில் வடை சுட்டுத் தந்துவிடுவாள். அவன் திருத்துவான், நான் பக்கத்தில் நின்று தேத்தண்ணீர் குடிப்பேன். அவன் செய்தது சரிவராவிட்டாலும் அதைச் சொல்ல எனக்கு வாய் வராது. “இப்ப நல்லா இருக்கு மச்சான்” என்று சொல்லிவிட்டு வந்து, அடுத்த கிழமை வேறு ஒரு சாட்டோடு அதே காரைக் கொண்டுபோய் நிற்பேன். அவனுக்கும் அது தெரியும். சிரித்துக்கொண்டு திரும்பவும் பொனெட்டைத் திறப்பான். எங்கள் ஆட்களுக்குள் இப்படித்தான் காரியம் நடக்கும்.

இதுதான் எங்கள் வாழ்க்கையில் வாங்கிய முதல் புதுக் கார். கோயிலுக்குக் கொண்டுபோய், ஐயர் பூசை செய்து, நாலு சில்லுக்கும் கீழே தேசிக்காய் வைத்து நசித்துத்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். சீற்றில் இருந்த பொலித்தீன் உறையைக் கழற்ற மனைவி விடவில்லை. ஊத்தையாகிவிடுமாம். இருக்கும்போதெல்லாம் சரசர என்று சத்தம் வரும்.

வாங்கிய கொஞ்ச மாதத்திலேயே அது எனக்கு ஒன்றிரண்டு தடவை சோர்ந்து காட்டியது. நகரத்து வீதிகளில் என்றபடியால் பெரிதாகத் தெரியவில்லை. கார் விற்ற இடத்தின் சேர்விஸ் பகுதிக்குக் கொண்டுபோனேன். அங்கே முன் மேசையில் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி இருந்தார். அறுபதை எட்டியிருப்பார். கண்ணாடி எப்போதும் மூக்கு நுனியில் நிற்கும். என்னைக் கண்டதும் “லவ்” என்று கூப்பிட்டார். யாரைக் கூப்பிடுகிறார் என்று நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன். வீட்டில் சொன்னபோது மனைவி சிரித்துச் சிரித்து, “வயது போன காலத்தில உங்களுக்கு வந்த வாழ்வைப் பாருங்கோ” என்றாள். இந்த நாட்டில் அந்த வயதுக்காரர் எல்லோரையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள் என்று மகள்தான் விளங்கப்படுத்தினாள்.

ஒவ்வொரு தடவையும் கொம்பியூட்டரைக் கொழுவிப் பார்ப்பார்கள். பிழை ஒன்றும் காட்டாது. அந்தப் பெண்மணி காரின் திறப்பைத் தரும்போது, எல்லாம் சரிதானே என்று கேட்பார். நானும் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், எல்லாம் சரி, சின்னப் பிரச்சினைதான், ஒரு அவசரமும் இல்லை, உங்கள் சேர்விஸ் மிகவும் நல்லது, நன்றி என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, வடைப் பெட்டியை மேசையில் வைத்துவிட்டு வருவேன். வாரண்டியில் செய்கிறார்கள், ஒரு சதமும் வாங்கவில்லை, நாங்களும் மரியாதையாக நடக்க வேண்டும் அல்லவா என்று நினைத்தேன்.

நெடுஞ்சாலையில் நின்ற அடுத்த நாள் மகளையும் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே கார் திருத்துகிற வேலைத்தலத்துப் பொறுப்பாளர் வெளியே வந்தார். உயரமான மனிதர், சிரித்த முகம். காரை ஓடிப் பார்த்தார், கொம்பியூட்டரைப் பார்த்தார். வழக்கம்போல ஒன்றும் இல்லை. பிறகு எல் பிளேட்டைக் காட்டி, பழகும் பிள்ளைகள் பதற்றத்தில் சில நேரம் பிழையாக எதையாவது அழுத்துவார்கள், அப்படி ஏதாவது நடந்திருக்கும் என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஆறுதல் சொல்வது போலத்தான் சொன்னார்.

ஒருவர் சிரித்துக்கொண்டு ஒன்றைச் சொன்னால், அதற்கு இல்லை என்று சொல்ல எனக்கு அந்த நாளில் தெரியாது. “யெஸ், யெஸ், மேபி, தாங்க் யூ” என்றேன்.

மகள் எனக்குப் பக்கத்தில்தான் நின்றாள்.

திரும்பி வரும்போது அவள் பின் சீற்றில் ஏறி இருந்துகொண்டாள். பொலித்தீன் சத்தம் மட்டும் வந்தது. வீட்டுக்கு வந்ததும் எல் பிளேட் இரண்டையும் தானே கழற்றி, குசினி லாச்சியை இழுத்து அதற்குள் போட்டு மூடினாள். ஏன் பிள்ளை என்று கேட்டேன்.

“யூ செட் யெஸ், அப்பா” என்றாள். அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

மனைவி பேசினாள். “இஞ்சரப்பா, வீட்டில என்னோட வாதாட நல்லாத் தெரியுது. அங்க போய் நிண்டா மட்டும் வாயில கொழுக்கட்டையோ? பிள்ளை எங்களைக் காப்பாத்திக் கரைக்குக் கொண்டுவந்தவள். அவளைப் பிழை எண்டு ஒருத்தர் சொல்ல நீங்கள் நன்றி சொல்லிப்போட்டு வந்திருக்கிறீங்கள்.”

மகள் அப்போது தாதிப் படிப்புப் படித்துக்கொண்டிருந்தாள். அடுத்த வருடம் ஆஸ்பத்திரியில் பயிற்சி தொடங்கும், விடிய முதலே போக வேண்டும், அந்த நேரம் பஸ் கிடையாது. ஓடப் பழகாவிட்டால் படிப்பே சிக்கலாகும். அதைவிட எனக்கு வலித்தது வேறு. சனிக்கிழமை விடிந்தால் திறப்பைத் தூக்கிக்கொண்டு, “அப்பா, போவமா?” என்று வந்து நிற்கிற பிள்ளை, இப்போது காரைப் பார்க்காமல் நடந்து போனாள். எத்தனையோ தடவை கேட்டுப் பார்த்தோம். “நான் ஓடேல்லை” என்பதுதான் பதில்.

சில கிழமை போனது. நான் ட்ருகனினாவில் ஒரு களஞ்சியத்தில் சாமான் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் ஓடுகிறேன். ஒரு நாள் வேலை முடிந்து ரிங் ரோட்டில் வந்துகொண்டிருந்தேன். ஒரு ஏற்றம். அதே மஞ்சள் விளக்கு. நான் அழுத்துகிறேன், கார் போகமாட்டேன் என்கிறது. எப்படியோ கரைக்குக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, அந்த விளக்கை ஃபோனில் வீடியோ எடுத்தேன். பிறகு மகளுக்கு ஃபோன் அடித்தேன். எனக்கு வந்த சந்தோசத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வரும். நடுவீதியில் கார் பழுதாகி இப்படிச் சந்தோசப்பட்ட மனிதன் மெல்பேர்ணிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

“பிள்ளை, கார் நிண்டுட்டுது!”

“அப்பா, எங்க நிக்கிறீங்கள்? ஆர் யூ ஓகே?”

“நான் ஓகே. கார்தான் நிண்டுட்டுது! நான் அழுத்தினனான், போகேல்லை. உனக்கு நடந்ததேதான். நீயில்லை பிள்ளை, கார்தான்!”



“அப்பா, ஃபர்ஸ்ட் இறங்கி வேலிக்கு அங்கால போய் நில்லுங்கோ. ட்ரக் வரும்.”

இனி எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்துத்தான் வீட்டுக்குப் போனேன். வீடியோவைக் காட்டினேன். அவள் பார்த்தாள். லாச்சி திறக்கவில்லை. “எனக்கு ஏன் காட்டுறீங்கள்? எனக்குத் தெரியும்தானே. அவையளுக்குச் சொல்லுங்கோ” என்றாள்.

அடுத்த நாள் சேர்விஸுக்குப் போனேன். பழக்கதோசம், வடைப் பெட்டியும் கையில் இருந்தது. மேசையில் வைத்தேன். அந்தப் பெண்மணி பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு ஒரு விரலால் அதை என் பக்கம் தள்ளிவிட்டார்.

“இன்றைக்கு வேண்டாம், லவ்.”

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. ஏதாவது பிழை செய்துவிட்டேனோ என்று கேட்டேன். அவர் கொம்பியூட்டர் திரையை என் பக்கம் கொஞ்சம் திருப்பி, நான் வந்து போன ஒவ்வொரு தடவையும் என்ன பதிந்திருக்கிறது என்று மெதுவாக வாசித்துக் காட்டினார். சின்னப் பிரச்சினை என்று வாடிக்கையாளர் சொன்னார். அவசரம் இல்லை என்று சொன்னார். சேர்விஸ் திருப்தி என்று சொன்னார். கடைசியாக, பழகுநர் பிழையாக இருக்கலாம் என்று தகப்பனே ஒத்துக்கொண்டார்.

“நீங்கள் சொல்வதைத்தான் நான் எழுத முடியும். கார் செய்த கொம்பனியும் இதைத்தான் வாசிக்கும். இதை வாசித்தால் யாருக்காவது அவசரம் வருமா?” என்று கேட்டார். நான் வடைப் பெட்டியைத் திரும்பக் கையில் எடுத்துக்கொண்டேன். “நீங்கள் நல்ல மனிதர். வடையும் நல்ல வடை. ஆனால் எனக்கு வடை கொண்டுவராதீர்கள். நடந்ததைக் கொண்டுவாருங்கள். வீட்டில் மனைவிக்குச் சொல்வது போல இப்போது சொல்லுங்கள், பார்ப்போம்.”

சொன்னேன். என் ஆங்கிலம் தடக்கித் தடக்கித்தான் வந்தது. ட்ரக்கின் ஹோர்னை வாயால் ஊதிக் காட்டினேன். அவர் சிரிக்காமல் எல்லாவற்றையும் கொம்பியூட்டரில் தட்டிக்கொண்டார். அன்றைக்கு யார் ஓடியது என்று கேட்டார். மகள் என்றேன். அவளிடம் யாராவது என்ன நடந்தது என்று கேட்டார்களா என்று கேட்டார்.

ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

பிறகு அவர் உள்ளே பொறுப்பாளர்கள் இருக்கும் கண்ணாடி அறையை ஒருதரம் பார்த்துவிட்டு, குரலைக் குறைத்து எனக்குச் சில விசயம் சொன்னார். வாரண்டிப் புத்தகம் வேறு, நாட்டுச் சட்டம் வேறு. விற்கிற பொருள் பாதுகாப்பாகவும் ஒழுங்காகவும் வேலை செய்ய வேண்டும் என்பது சட்டம். பிழை பெரிதாகவோ ஆபத்தாகவோ இருந்தால், திரும்பத் திரும்பத் திருத்தப் பார்ப்போம் என்று கடை மட்டும் தீர்மானிக்க முடியாது. வேறு கார் தாருங்கள், இல்லாவிட்டால் காசைத் திருப்பித் தாருங்கள் என்று கேட்கிற உரிமை வாங்கினவருக்கு உண்டு. கடை ஒத்துக்கொள்ளாவிட்டால் உதவி செய்ய அரசாங்க அலுவலகமும் உண்டு. எழுத்தில் கேளுங்கள் என்றார். அவர் அங்கே சம்பளத்துக்கு வேலை செய்கிறவர். எனக்கு இதைச் சொல்ல வேண்டிய தேவை அவருக்கு இருக்கவில்லை.

வடைப் பெட்டியோடு வீட்டுக்குத் திரும்பி வந்தேன். அதைக் கண்டதும் மனைவி, “என்ன, லவ் கோவிச்சுப்போட்டாவோ?” என்றாள். நடந்ததைச் சொன்னேன். அதற்குப் பிறகு அவளும் சிரிக்கவில்லை.

அன்றைக்குப் பின்னேரம் குசினி மேசையில் மகள் லாப்டொப்பை வைத்துக்கொண்டு இருந்தாள். நான் பக்கத்துக் கதிரையில் இருந்து தமிழில் சொல்ல, அவள் ஆங்கிலத்தில் எழுதினாள். முடிந்ததும் திருப்பி வாசித்தாள். பாதியில் நிறுத்தினாள்.

“அப்பா, இதுக்குள்ள மூண்டு ‘ஐ ஆம் சொரி’ இருக்கு.”

“ஒரு மரியாதைக்குத்தான் பிள்ளை.”

“கார் நிண்டதுக்கு நீங்கள் ஏன் சொரி சொல்லவேணும்?”

“சரி, ஒண்டை மட்டும் விடன்.”

“ஒண்டும் இல்லை” என்று எல்லாவற்றையும் அழித்தாள்.

நெடுஞ்சாலையில் நடந்த இடம் வந்தது. அதை நீதான் எழுத வேண்டும், அன்றைக்கு நான் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன் என்றேன். அவள் கதிரையை மேசைக்குக் கிட்ட இழுத்தாள். பிறகு எழுதத் தொடங்கினாள். எந்தப் பாதை, என்ன வேகம், எந்த விளக்கு, எப்போது கண்ணாடியைப் பார்த்தாள், எப்போது மாறினாள். அப்போதுதான் எனக்கே அவள் செய்தது முழுவதும் விளங்கியது. அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்த மனைவி, “ரோல்ஸ் சட்டி கவிண்டதையும் போடு” என்றாள். மகள் சிரித்துவிட்டாள். பல கிழமைக்குப் பிறகு அந்தச் சிரிப்பைக் கேட்டேன்.

ஈமெயில் போனது. இன்னொரு தடவை கொண்டுவாருங்கள், பார்ப்போம் என்று பதில் வந்தது. மகளும் நானும் போனோம். இந்த முறை கண்ணாடி அறைக்குள் இருத்தினார்கள். அந்த உயரமான பொறுப்பாளரும் வந்து இருந்தார். வழி முழுக்க ஒரே ஒரு வசனத்தை நான் மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பழகிக்கொண்டு போயிருந்தேன்.

அவர் பேசத் தொடங்கினார். அன்றைக்கு ஓடியது பழகுகிற ஒருவர் என்றபடியால் என்று ஆரம்பித்தார். முகத்தில் அதே சிரிப்பு. எனக்கு வாயில் முதலில் வந்தது “யெஸ்” தான். அதை விழுங்கினேன். பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரிக் கையை உயர்த்தினேன்.

“நோ” என்றேன். “என் மகள் எல்லாம் சரியாகச் செய்தாள். கார்தான் பிழை.”

என் ஆங்கிலம் பிழையாகக்கூட இருந்திருக்கலாம். ஒருவரும் சிரிக்கவில்லை. மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு அவளே தொடங்கி, முதலிலிருந்து கடைசி வரை நடந்ததைச் சொன்னாள். பொறுப்பாளர் கையில் இருந்த பேனையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். அவள் முடித்ததும், காரை விட்டுவிட்டுப் போங்கள், நானே வீட்டுக்குக் கொண்டுபோய் நீங்கள் ஓடின வீதியிலேயே ஓடிப் பார்க்கிறேன் என்றார். எங்களுக்கு ஒரு இரவல் கார் தந்தார்கள்.

சில நாள் கழித்து ஃபோன் வந்தது. அவரேதான். என்னைக் கேட்கவில்லை, மகளைக் கேட்டார். அவள் ஸ்பீக்கரில் போட்டாள். அதே ஏற்றத்தில் கார் தனக்கும் நின்றுவிட்டது என்றார். எத்தனையோ வருடமாகக் கார் ஓடுகிறேன், நானே பதறிப்போனேன், நீ எப்படிப் பதறாமல் கரைக்குக் கொண்டுவந்தாய் என்று கேட்டார். அன்றைக்கு அப்படிச் சொன்னதற்கு மன்னிப்பும் கேட்டார். மகள் “தாங்க் யூ” என்று மட்டும் சொன்னாள். ஃபோனை வைத்துவிட்டு எழும்பிக் குசினிக்குள் போனாள்.

நானும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு இருந்தோம். லாச்சி திறக்கிற சத்தம் கேட்டது.

வேறு கார் கேட்டோம். கேட்டவுடன் தந்துவிடவில்லை. கொஞ்சக் காலம் இழுத்தது, ஈமெயில் போய் வந்தது. அனுப்ப முதல் ஒவ்வொன்றிலும் மகள் என் சொரிகளைத் தேடிப் பிடித்து அழித்தாள். கடைசியில் கார் செய்த கொம்பனி பிழையை ஒத்துக்கொண்டு புதுக் கார் தந்தது.

அதை எடுக்கப் போன நாள் மனைவி பையில் தேசிக்காயும் கொண்டு வந்தாள், கத்தரிக்கோலும் கொண்டு வந்தாள். அந்த முற்றத்தில் வைத்தே சீற் உறைகளை வெட்டிக் கழற்றினாள். “மூடி மூடி வைச்சு என்னத்தைக் கண்டம்?” என்றாள். மகள் எல் பிளேட்டை ஒட்டிவிட்டு ஓடுகிற சீற்றில் ஏறினாள். நான் வடைப் பெட்டியோடு உள்ளே போனேன். அந்தப் பெண்மணி மூக்கு நுனிக் கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார்.

“எல்லாம் சரிதானே, லவ்?”

திரும்பி வெளியே பார்த்தேன். மகள் கண்ணாடியைச் சரிசெய்து, சீற்றை முன்னுக்கு இழுத்து, என்னைப் பார்த்துக் கட்டைவிரலைக் காட்டினாள். அதற்குப் பிறகுதான், எல்லாம் சரி என்று சொன்னேன். அவர் பெட்டியை அங்கேயே திறந்து ஒரு வடையை எடுத்துக் கடித்தார்.

பிள்ளைகளே, மரியாதையாக நடக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் இன்றைக்கும் வடை சுடுகிறோம், அந்தச் சேர்விஸ் மேசைக்கும் கொண்டுபோகிறோம். மகள் இப்போது விடியற்காலையில் தனியாக ஆஸ்பத்திரிக்குக் கார் ஓடிப் போகிறாள். ஆனால் யாராவது சிரித்த முகத்தோடு எல்லாம் சரிதானே என்று என்னிடம் கேட்டால், வாயைத் திறக்க முதல் எனக்குப் பக்கத்தில் நிற்பவரின் முகத்தை ஒருதரம் திரும்பிப் பார்த்துக்கொள்கிறேன்.